பித்தளை தெரியும் கேமராக்கள்

2022 ஜூன் மாதம் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் நடந்த ஏலத்தில் ஒரு பழைய கேமரா 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்கு விலைபோனது. அன்றைய மதிப்பில் நூறு கோடி ரூபாய்க்கும் மேல். சந்தைக்கு அனுப்பும் முன் வெள்ளோட்டம் பார்ப்பதற்காக லைக்கா கேமராக்களைத் தயாரித்த லைட்ஸ் தொழிற்சாலை 1923-இல் சுமார் இரண்டு டஜன் கேமராக்களைச் செய்து பார்த்தது. அவற்றில் 105 என்ற எண்ணுடைய அந்தக் கேமரா, லைக்காவை உருவாக்கிய ஆஸ்கர் பர்னாக் தாமே கையாண்டது. அதன் கறுப்புப் பூச்சு தேய்ந்து, அடியிலிருக்கும் உலோகம் வெளியே தெரிகிறது. புதிதாகப் பெயின்ட் அடித்து விற்கலாம் என்று ஏலக்காரர் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஆனால் அதே அளவுக்குத் தேய்ந்த ஒரு கேமராவைச் சாதாரண செகண்ட் ஹேண்ட் கடையில் எடுத்து நீட்டினால், வாங்க வந்தவர் முகம் சுளிப்பார். கீழே போட்டதா, தண்ணீரில் விழுந்ததா என்று விசாரிப்பார். ஒருவர் தேய்மானத்துக்குக் காசு கொடுக்கிறார், இன்னொருவர் அதைக் காட்டி விலையைக் குறைக்கிறார். இரண்டு பேருமே தேய்மானம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்ப்பதில்லை என்பது என் எண்ணம். பூச்சுத் தேய்வது கேமரா புழங்கியதற்குச் சான்று. அதற்கு மேல் அதை நல்ல சான்றிதழாகவும் கொள்ள முடியாது, குற்றப்பத்திரிகையாகவும் கொள்ள முடியாது.

முதலில் அடியில் ஏன் பித்தளை என்று பார்க்கலாம். செம்பும் துத்தநாகமும் கலந்த இந்த உலோகம் தகடாக அடிக்கவும் கடையவும் இணங்கிப் போகும். நுண்ணிய திருகு மரைகளை இதில் சுத்தமாக வெட்டலாம். இரும்பைப் போலத் துரு ஏறாது. அதனால் 20-ஆம் நூற்றாண்டின் நல்ல கேமராக்கள் பலவற்றில் மேல் தகடும் அடித் தகடும் பித்தளை. அதன் மேல் இரண்டு விதமாக முடிப்பு வேலை செய்தார்கள். மின்முலாம் மூலம் குரோமியம் ஏற்றுவது ஒன்று, கறுப்பு எனாமல் பூசிச் சூளையில் சுடுவது மற்றொன்று. குரோமியம் கடினமான உலோகம், பெயின்ட் அதனோடு ஒப்பிட்டால் மெல்லிய, மென்மையான படலம். ஒரே ஆண்டில் செய்து ஒரே அளவு உழைத்த இரண்டு கேமராக்களில் வெள்ளி நிறத்தது ஏறக்குறைய அப்படியே இருக்க, கறுப்பு மட்டும் பொன்னிறம் காட்டுவது இதனால்தான். 1970-களில் லைக்கா கொண்டுவந்த கறுப்பு குரோமியம் இன்னொரு ரகம். அதுவும் முலாமே, எளிதில் தேயாது. ஆகவே தேய்மானத்தைப் பார்த்து உழைப்பை அளக்க நினைப்பவர், மேலே இருப்பது பெயின்ட்டா முலாமா என்று தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும்.

தேய்மானம் எங்கே தொடங்குகிறது என்பதில் ஒரு சுவாரசியமான இயற்பியல் இருக்கிறது. பெயின்ட் பூசப்படும்போது திரவம். கூர்மையான விளிம்பில் அது நிற்காது. பரப்பு இழுவிசை அதை இரு பக்கமும் உள்ள சமதளங்களுக்கு இழுத்துக்கொள்ளும். காய்ந்து இறுகும்போது விளிம்பில் இருக்கும் படலம்தான் மற்ற எல்லா இடத்தையும்விட மெல்லியது. அதாவது கேமரா தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் நாளிலேயே எங்கே முதலில் பித்தளை தெரியும் என்பது முடிவாகிவிடுகிறது. கை, துணி, பையின் உட்புறம் எதுவானாலும் அழுத்தம் முழுவதும் அதே விளிம்பில்தான் குவிகிறது. மெல்லிய இடத்தில் அதிக அழுத்தம் என்றால் வேறென்ன நடக்கும்? அதன் பிறகு பயன்படுத்தியவரின் பழக்கம் தன் தடத்தைப் பதிக்கத் தொடங்குகிறது. வாரின் வளையம் ஆடி ஆடி உரசுவதால் வார் மாட்டும் காதுகளுக்குக் கீழே பிறை வடிவில் பூச்சு போகும். வலது கை பிடிக்கும் மூலை வியர்வையின் உப்பும் அமிலமும் பட்டு வழவழப்பாகும். ஃபிளாஷை அடிக்கடி செருகியவரின் கேமராவில் அதன் தாங்கி பளபளக்கும். பிலிம் மாற்றும்போதெல்லாம் அடித் தகட்டைக் கழற்றி மேசையில் வைத்தவருக்கு அதன் ஓரம் முழுக்கப் பித்தளை. கண்ணாடி அணிந்தவரா, வாரை மணிக்கட்டில் சுற்றியவரா என்பதைக்கூட ஓரளவு ஊகிக்கலாம். கேமரா பிரியர்கள் இதை 'பிராஸிங்' என்கிறார்கள்.

பூச்சு என்பது உலோகத்தைக் காக்கத்தானே, அது போனால் உலோகம் கெடாதா என்று கேட்பது நியாயம். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் போனால் புளிக்குழம்பு களிம்பேறிவிடும், உடனே ஈயம் பூசக் கொடுப்போம். ஆனால் கேமராவின் வெளிப்புறத்தில் யாரும் புளி கரைப்பதில்லை. காற்றுபட்ட பித்தளை மேலே மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கிக்கொண்டு மங்குகிறது, அந்தப் படலமே மேற்கொண்டு அரிப்பைத் தாமதப்படுத்துகிறது. கை அடிக்கடி படும் இடம் பளபளப்பாகவும், படாத இடம் பழுப்பாகவும் நிற்கும். உண்மையான அரிப்பு வருவது வேறு வழியில். ஈரமான ஊரில் தோல் உறைக்குள் மாதக்கணக்கில் மூடிவைத்தால், தோலைப் பதப்படுத்திய அமிலமும் ஈரமும் சேர்ந்து பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். பழைய ஸைஸ் ஐக்கான் கேமராக்கள் சிலவற்றில் மேலே ஒட்டிய தோலுக்கு அடியில் உள்ள உலோக ஆணித் தலைகள் அரித்து, தோல் கொப்புளம்போல எழும்பியிருப்பதைப் பார்க்கலாம். 1984-இல் வந்த லைக்கா எம்6-இல் மேல் தகட்டைப் பித்தளையில் அடிக்காமல் துத்தநாகக் கலவையில் வார்த்தார்கள்; அவற்றில் சிலவற்றின் பூச்சு உபயோகமே இல்லாமல் உள்ளிருந்து பொங்கிக் குமிழியிட்டது. தேய்ந்த பித்தளை நலமாக இருக்க, தேயாத துத்தநாகம் நோய்ப்பட்டது. இந்தக் குமிழியைத்தான் குறை என்று சொல்ல வேண்டும்.

இவ்வளவு தேய்ந்திருக்கிறதே, அப்படியானால் முரட்டுத்தனமாகக் கையாண்டிருக்க வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. இங்கே தேய்மானத்தையும் அடிபட்டதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். தேய்மானம் ஆண்டுக்கணக்கில் மெல்ல நடப்பது, அதன் எல்லை படிப்படியாக மங்கிச் செல்லும். விழுந்த அடி ஒரே நொடியில் நடப்பது. தகடு நசுங்கும், லென்ஸின் பில்டர் வளையம் வட்டம் குலையும், மூலை உள்வாங்கும். தூரம் அளந்து குவிக்க உதவும் ரேஞ்ச்பைண்டர் இருக்கும் இடத்துக்கு மேல் ஒரு சிறு நசுங்கல் கவலைக்குரியது. ஏனென்றால் உள்ளே இருக்கும் கண்ணாடிகள் மில்லிமீட்டரில் சிறு பங்கு நகர்ந்தாலும் குவியம் தப்பும். கையளவு பித்தளை தெரிந்தாலும் இந்த ஆபத்து கிடையாது. திருகுகளின் தலை சிதைந்திருந்தால் அனுபவமில்லாத கை உள்ளே நுழைந்திருக்கிறது என்று பொருள். அதுவும் பெயின்ட் சொல்லாத செய்தி. இன்னொரு பக்கம், புதுக்கருக்கு மாறாமல் அலமாரியில் இருந்த கேமராவின் உள்ளே எண்ணெய்ப் பசை இறுகி, மெதுவான ஷட்டர் வேகங்கள் நின்றுபோயிருக்கலாம். சென்னை போன்ற ஊரின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை நூல் பின்னியிருக்கலாம். உறையோடு ஆயிரக்கணக்கான ரோல் எடுத்தவரின் கேமராவிலும் பூச்சு அப்படியே இருக்கும். தேய்மானம் இருந்தால் உழைத்திருக்கிறது என்று சொல்லலாம், தேய்மானம் இல்லாவிட்டால் உழைக்கவில்லை என்று சொல்லவே முடியாது.

அப்படியானால் தேய்ந்த கறுப்புக்கு எங்கிருந்து இந்த மவுசு வந்தது? 1954-இல் வந்த லைக்கா எம்3 இரண்டு லட்சத்துக்கு மேல் தயாரானது. அதில் பெரும்பங்கு வெள்ளி நிறம், கறுப்பு மிகச் சொற்பம். வெயிலில் மின்னாத, எதிரிலிருப்பவர் கண்ணில் படாத கேமராவைக் கேட்டவர்கள் தொழில்முறைப் புகைப்படக்காரர்கள். அவர்களில் ஒருவரான ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் தன் லைக்காவின் மின்னும் பாகங்களைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்து வைத்திருந்தார். 'லைஃப்' இதழின் போர்ப் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கனுக்காக லைக்கா நான்கே நான்கு 'எம்3டி' கேமராக்களைக் கறுப்பில் செய்து கொடுத்தது, அவற்றில் ஒன்று 2012-இல் 16 லட்சத்து 80 ஆயிரம் யூரோவுக்கு ஏலம்போனது. 1959-இல் வந்த நிக்கான் எஃப்-இன் கறுப்பு வடிவமும் வியட்நாம் போர்க்களம் வரை சென்று தேய்ந்தது. ஆக, கறுப்புத்தான் களத்துக்குப் போனது, கறுப்புத்தான் தேய்ந்தது. பின்னால் வந்தவர்கள் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிக்கொண்டார்கள்: தேய்ந்த கறுப்புக் கேமரா கையில் இருந்தால் களம் கண்டவர் என்று.

மவுசு வந்தால் போலியும் வரும். வெள்ளி நிற எம்2, எம்3 கேமராக்களின் முலாமை உரித்துக் கறுப்படித்து, அசல் கறுப்பு என்று பல மடங்கு விலைக்கு விற்கும் வேலை நெடுநாளாக நடக்கிறது. அதைவிட நயமான மோசடி, அடித்த பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்குவது. இங்கேதான் தேய்மானத்தைப் படிக்கத் தெரிவதன் பயன் விளங்கும். உப்புத்தாளின் கீறல்கள் ஒரே திசையில் ஓடும், பித்தளையின் நிறம் எங்கும் ஒரே மாதிரி இருக்கும், கை படவே முடியாத இடுக்கிலும் பூச்சு போயிருக்கும். தகட்டின் ஓரமெல்லாம் உதிர்ந்த கேமராவில் பிலிம் ஓடும் உள்தண்டவாளம் கீறலே இல்லாமல் இருந்தால் கதை ஒட்டவில்லை என்று அர்த்தம். உதிர்ந்த இடத்தில் பித்தளைக்கும் கறுப்புக்கும் நடுவே வெள்ளி நிறக் கீற்று தெரிந்தால் அது பழைய குரோமியத்தின் மிச்சம். மோசடி நோக்கமே இல்லாமல், பார்வைக்காகப் பெயின்ட் அடிப்பவரும் இதே சான்றைத்தான் அழிக்கிறார். சொந்தப் பொருள், அவர் உரிமை. ஆனால் அடுத்து வாங்குபவருக்கு அதைச் சொல்லிவிட வேண்டும்.

தொழிற்சாலையே தேய்த்துக் கொடுத்தால்? 2015-இல் பாடகர் லென்னி க்ராவிட்ஸுடன் சேர்ந்து லைக்கா 'கரஸ்பாண்டன்ட்' என்ற பெயரில் 125 கேமராக்களை வெளியிட்டது. எல்லாம் புதியவை, எல்லாவற்றின் பூச்சையும் கையாலேயே தேய்த்திருந்தார்கள். ஜீன்ஸைக் கிழித்து விற்கவில்லையா, இதிலென்ன தவறு என்று கேட்பார்கள். ஒளிவுமறைவில்லாமல் விற்பதால் இது மோசடி அல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 125 கேமராக்களுக்குப் போட்ட ஒரே அலங்காரத்தில், எந்த ஒருவர் கேமராவை எப்படிப் பிடித்தார் என்ற செய்தி இருக்க வழியில்லை. 2021-இல் வந்த எம்10-ஆர் கறுப்பு பெயின்ட் பதிப்பு இதைவிட மேல் என்பேன். பித்தளை மேல் பளபளக்கும் கறுப்பைப் பூசிக் கொடுத்து, தேய்ப்பதை வாங்கியவர் கையில் விட்டுவிட்டார்கள்.

இன்று பெரும்பாலான கேமராக்களுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. 1976-இல் வந்த கேனான் ஏஇ-1-இன் மேல் மூடியே உலோகம்போலத் தோன்றும்படி முலாமிட்ட பிளாஸ்டிக். மக்னீசியக் கலவை உடம்பில் பெயின்ட் போனால் சாம்பல் நிறம் தெரியும். பிளாஸ்டிக் உடம்பு தேயத் தேய வழவழப்பாகி மினுங்கும், அவ்வளவே. 2022-இன் லைக்கா எம்11-இல் கூட வெள்ளி நிறத்துக்குப் பித்தளை, கறுப்புக்கு அலுமினியம் என்று மேல் தகடு பிரிந்துவிட்டது. முதலாவது 640 கிராம், இரண்டாவது 530. அலுமினியத்தைத் தேய்த்தால் வெள்ளைதான் வரும்.

பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் முதலில் ஷட்டரை ஒரு வினாடி வேகத்தில் ஓட விட்டுக் காது கொடுங்கள். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். தொலைவில் உள்ள கட்டடத்தைப் பார்த்து ரேஞ்ச்பைண்டரின் இரு பிம்பங்களும் ஒன்றாகின்றனவா என்று சோதியுங்கள். நசுங்கலையும் திருகுகளையும் தேடுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்து, மூலைகளில் மட்டும் பித்தளை தெரிந்தால், பெயின்ட் போச்சே என்று சொல்லி விலையைக் குறைக்கப் பாருங்கள். கடைக்காரர் குறைத்தால் லாபம் உங்களுக்கு.