விண்கப்பல் தலைவனின் பாட்டனார்

1801ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள். ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரை அடுத்த கடலில் 'ஸ்பீடி' என்ற சிறிய பிரிட்டிஷ் பாய்மரக் கப்பல் சென்றுகொண்டிருந்தது. அதில் இருந்தவை 14 சிறு பீரங்கிகள். இருந்தவர்கள் 54 பேர். எதிரே வந்தது 'காமோ' என்னும் ஸ்பானியப் போர்க்கப்பல். அதில் 32 பீரங்கிகள், 319 பேர்!

ஸ்பீடியின் தலைவர் தாமஸ் காக்ரன் தப்பி ஓடவில்லை. முதலில் அமெரிக்கக் கொடியை ஏற்றி எதிரியைச் சற்றுக் குழப்பினார். பிறகு தம் கப்பலை எதிரிக் கப்பலை ஒட்டினாற்போல் கொண்டுபோய் நிறுத்தினார். ஏன் தெரியுமா? காமோ உயரமான கப்பல். அதன் பீரங்கிகளை ஓர் அளவுக்கு மேல் கீழே சாய்க்க முடியாது. ஆகவே அதன் குண்டுகள் ஸ்பீடியின் ஆட்களுக்கு மேலாகப் பறந்தன. ஸ்பீடியின் குண்டுகளோ கீழிருந்து மேலாகப் பாய்ந்து எதிரியின் தளத்தைத் துளைத்தன. கடைசியில் மருத்துவரைச் சுக்கானைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் எதிரிக் கப்பலில் தாவி ஏறினார்கள். காமோ பிடிபட்டது. வீரத்தோடு வடிவக் கணிதமும் சேர்ந்து பெற்ற வெற்றி இது.

இதற்கும் விண்வெளிக் கதைகளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? தொடர்பு இருக்கிறது.

கடலிலிருந்து விண்ணுக்கு

காக்ரனைப் போன்ற உண்மைத் தலைவர்களின் வரலாறுகளைப் பின்னணியாகக் கொண்டு, சி. எஸ். ஃபாரஸ்டர் என்ற ஆங்கில எழுத்தாளர் ஹோரேஷியோ ஹார்ன்புளோவர் என்ற கப்பல் தலைவனைப் படைத்தார். முதல் நாவல் 1937இல் வெளிவந்தது. ஹார்ன்புளோவர் ஒரு விசித்திரமான வீரன். கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் கடற்பயணம் அவனுக்குக் குமட்டலைத் தரும். தன் திறமையில் அவனுக்கே சந்தேகம். அந்தச் சந்தேகத்தை மட்டும் மாலுமிகளிடம் காட்டிக்கொள்ள மாட்டான்.

அமெரிக்காவில் ஜீன் ராடன்பரி என்பவர் 1964இல் ஒரு விண்வெளித் தொலைக்காட்சித் தொடருக்குத் திட்டம் தீட்டியபோது, தம் விண்கப்பல் தலைவனை ஹார்ன்புளோவரோடு ஒப்பிட்டே அறிமுகப்படுத்தினார். 1966இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொடர்தான் அது. அதன் நாயகனான கேப்டன் கிர்க்கை ஹார்ன்புளோவரின் பேரன் என்றே சொல்லலாம். ஆஸ்திரேலிய எழுத்தாளர் பெர்ட்ராம் சாண்ட்லர் தாமே கப்பல் அதிகாரியாகப் பணியாற்றியவர். அவரும் கிரைம்ஸ் என்ற விண்கப்பல் தலைவனைப் படைத்தார். 1993இல் டேவிட் வெபர் எழுதத் தொடங்கிய கதைவரிசையின் நாயகி ஹானர் ஹாரிங்டன். இரு பெயர்களின் முதலெழுத்துகளையும் ஹார்ன்புளோவரின் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உறவு விளங்கும்!

கேட்க ஆளில்லாத இடம்

ராக்கெட் யுகத்துக் கதாசிரியர்கள் ஏன் பாய்மரக் காலத்தைத் தேடிப் போனார்கள்? அதற்கு முக்கியமான காரணம், செய்தி போய்ச் சேரும் வேகம்.

1805 அக்டோபர் 21இல் டிரஃபால்கர் கடற்போர் நடந்தது. நெல்சன் வென்று, உயிரும் நீத்தார். இந்தச் செய்தியோடு 'பிக்கிள்' என்ற சிறு கப்பல் இங்கிலாந்துக்கு விரைந்தது. கரையிறங்கிய அதிகாரி வழியில் 21 முறை குதிரைகளை மாற்றி லண்டனை அடைந்தபோது நவம்பர் 6 ஆகிவிட்டது. பதினாறு நாட்கள்! பசிபிக் கடலில் இருந்த கப்பலுக்கோ செய்தி போய்ச் சேர மாதங்கள் பிடிக்கும். ஹார்ன்புளோவரின் முதல் கதையே இதில்தான் சிக்கல் கொள்கிறது. ஒரு ஸ்பானியக் கப்பலைப் பிடித்து, ஸ்பெயினை எதிர்க்கும் கலகக்காரனிடம் ஒப்படைக்கிறான். அதற்குப் பிறகுதான், ஸ்பெயின் நட்பு நாடாகிவிட்ட செய்தி கிடைக்கிறது. அதே கப்பலோடு மீண்டும் போரிட வேண்டியதாகிறது!

இத்தகைய தலைவனுக்கு யோசனை கேட்க ஆளில்லை. முடிவும் அவனுடையதே, பழியும் அவனுடையதே. 1866இல் அட்லாண்டிக் கடலடியில் நிலையான தந்திக் கம்பி அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல்களுக்குக் கம்பியில்லாத் தந்தி வந்தது. கப்பல் தலைவனின் தனிமை கலைந்தது. அந்தத் தனிமை கதாசிரியர்களுக்கு மறுபடியும் கிடைத்த இடம்தான் விண்வெளி. ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆயினும், சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனை அடைய அதற்கே 4 ஆண்டுகளுக்கு மேலாகும்.

கடல் வேறு, விண் வேறு

பாட்டனாரிடமிருந்து சில பிழைகளும் பேரனுக்கு வந்து சேர்ந்தன. பாய் சுருட்டினால் நீரின் தடையால் கப்பல் வேகம் குறையும். விண்வெளியில் அத்தகைய தடை இல்லை. எஞ்சினை நிறுத்தினாலும் கலம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். காற்று இல்லாததால் வெடியோசையும் கேட்காது. பல திரைப்படங்கள் இவற்றை மறந்துவிடுகின்றன. கடலின் மேற்பரப்பு தட்டையானது. விண்வெளிக்கோ மேலும் கீழும் உண்டு. 1982இல் வந்த இரண்டாவது ஸ்டார் டிரெக் திரைப்படம் இதை நன்றாகப் பயன்படுத்தியது. தட்டையான கடலில் போரிடுவதுபோல் சிந்தித்த பகைவனைக் கிர்க் கீழே இறங்கி ஏமாற்றி வெல்கிறார்.

இனி யார் தலைவர்?

நிலவுக்கு வானொலி அலை சுமார் 1.3 நொடியில் சென்றுவிடும். அப்போலோ வீரர்கள் பூமியோடு உரையாடிக்கொண்டே பணி செய்தார்கள். செவ்வாய் அப்படியல்ல. அது இருக்கும் இடத்தைப் பொறுத்து, செய்தி ஒருவழி போகவே 3 முதல் 22 நிமிடங்கள் வரை ஆகும். 2014 செப்டம்பர் 24 அன்று நமது மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தபோது, சுமார் 12 நிமிடத் தாமதம் இருந்தது. எனவே எஞ்சினை எப்போது இயக்குவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டளைகளையெல்லாம் முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலக் கப்பல் தலைவர்கள் முத்திரையிட்ட ஆணையுறையை எடுத்துச் சென்றதைப் போன்றதுதான் இதுவும்.

ஆனால் உறைக்குள் எழுதப்படாத ஒன்று நடந்தால்? மனிதர் செவ்வாய்க்குச் செல்லும் நாளில், கலத்தில் தீப்பிடித்தால், பூமியைக் கேட்டுப் பதில் வர 44 நிமிடங்கள்கூட ஆகலாம். தீ அதுவரை காத்திருக்காது. தங்கள் கலத்தை நன்கு அறிந்து, கணக்கிட்டு, தாமே முடிவெடுத்து, அதற்குப் பொறுப்பும் ஏற்கும் தலைவர் அங்கே தேவைப்படுவார். காக்ரன் சுக்கானருகே நின்று செய்ததும் அதுதான். அந்தத் தலைவர் இன்று எங்கோ ஒரு வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்து வடிவக் கணிதம் போட்டுக்கொண்டிருக்கலாம். அது ஏன் நீங்களாக இருக்கக் கூடாது?