கியான் நசீரி

கியான் நசீரி கிரி (பிறப்பு: நவம்பர் 17, 2000, கொல்கத்தா) இந்தியத் தொழில்முறைக் காற்பந்து வீரர் ஆவார். ஈரானிலிருந்து வந்து கொல்கத்தாவிலேயே தங்கிவிட்ட ஜம்ஷித் நசீரியின் மகன். பக்கவாட்டு முன்கள வீரராகவும் (விங்கர்) நடு முன்கள வீரராகவும் ஆடுபவர். மோகன் பகான், சென்னையின் ஆகிய கழகங்களுக்கு விளையாடியுள்ளார். தந்தை புகழ்பெற்ற ஈஸ்ட் பெங்கால் கழகத்திற்கு எதிராக 2022 ஆம் ஆண்டில் மகன் அடித்த மூன்று கோல்களே இவரைப் பரவலாக அறியச் செய்தன.

தந்தை

ஜம்ஷித் நசீரி 1977 ஆம் ஆண்டில் துனீசியாவில் நடைபெற்ற முதலாவது உலக இளையோர் காற்பந்துப் போட்டியில் ஈரான் அணியில் இடம்பெற்றவர். பின்னர் அலிகார் முசுலிம் பல்கலைக்கழகத்திற்குப் படிக்க வந்தார். முன்னணி வீரர்கள் பலர் வெளியேறியதால் தவித்துக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால், 1980 இல் அலிகாரிலிருந்த ஜம்ஷித், மஜீத் பிஷ்கார், மகமூத் கபாஜி ஆகிய மூன்று ஈரானிய மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு கூட்டமைப்புக் கோப்பையின் இறுதியாட்டம் 1–1 எனச் சமநிலையில் முடிய, ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. அதே செப்டம்பரில் ஈரான்–ஈராக் போர் மூண்டது.

மூவரில் மிகுந்த திறமைசாலியாகப் பலரும் கருதுவது மஜீதையே. அவர் சில ஆண்டுகளில் தாயகம் திரும்பி, 2019 இல் ஈஸ்ட் பெங்கால் நூற்றாண்டு விழாவிற்குத்தான் மீண்டும் கொல்கத்தா வந்தார். ஜம்ஷித் திரும்பவில்லை. ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஆகிய அணிகளுக்கு ஆடி, இந்தியக் காற்பந்தில் நூறு கோல்களை அடித்த முதல் வெளிநாட்டவர் என்ற பெயரைப் பெற்றார்.

மூன்று கோல்கள்

மகன் சேர்ந்ததோ எதிரணியான மோகன் பகானில். இக்கழகம் 2020 இல் ஏடிகே கழகத்துடன் இணைந்து, ஏடிகே மோகன் பகான் என்ற பெயரில் இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடத் தொடங்கியது.

ஜனவரி 29, 2022 அன்று கோவாவின் பதோர்தா அரங்கில் இரு கொல்கத்தா அணிகளும் மோதின. பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் பார்வையாளர் எவரும் அனுமதிக்கப்படவில்லை. 1997 இல் இதே இரு அணிகள் மோதிய ஆட்டத்தைச் சால்ட் லேக் அரங்கில் 1,31,000 க்கும் மேற்பட்டோர் கண்டனர் என்பதை எண்ணினால், அந்த வெறுமை புரியும். ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல் முன்னிலையில் இருந்தபோது, 61 ஆவது நிமிடத்தில் தீபக் தாங்ரிக்கு மாற்றாகக் கியான் களமிறக்கப்பட்டார். மூன்று நிமிடத்தில் சமன் செய்தார். சக வீரர் டேவிட் வில்லியம்ஸ் ஒரு தண்ட உதையை வீணடித்தார். ஆட்டம் சமநிலையில் முடியும் என்றிருந்த வேளையில், 90 நிமிடங்களுக்குப் பின் வழங்கப்பட்ட கூடுதல் நேரத்தில் கியான் மேலும் இரு கோல்களை அடித்தார். முடிவு 3–1. அப்போது 21 வயதான இவர், இந்தியன் சூப்பர் லீக்கில் ஹாட்ரிக் அடித்த மிக இளைய வீரரானார்.

அதன் பின்னர்

ஹாட்ரிக் அடித்தவருக்கு அடுத்த ஆட்டம் முதல் நிலையான இடம் கிடைத்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு நிகழவில்லை. இத்தொடர் 2014 இல் தொடங்கியபோது ஓர் அணி ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவரைக் களமிறக்கலாம். இந்த எண்ணிக்கை 2017–18 இல் ஐந்தாகவும், 2021–22 இல் நான்காகவும் குறைக்கப்பட்டது. எனினும் கோல் அடிக்கும் நடு முன்களப் பணியை வெளிநாட்டவரிடம் ஒப்படைப்பதே கழகங்களின் வழக்கமாக நீடித்தது. எனவே இந்திய முன்கள வீரர்கள் பக்கவாட்டிற்கு நகர்த்தப்பட்டனர். எல்லைக்கோட்டை ஒட்டி ஓடித் தடுப்பாளரைக் கடப்பதும், கோல் முன்னே நிற்பவருக்குப் பந்தை அனுப்புவதும், பந்தை இழந்ததும் பின்னோக்கி ஓடித் தன் பக்கத்துத் தடுப்பாளருக்கு உதவுவதும் அங்குள்ளவரின் வேலைகள். கோல் வாய்ப்புகள் அவருக்குக் குறைவு.

மோகன் பகானில் அந்தப் பக்கங்களிலும் இந்திய அணி வீரர்களான லிஸ்டன் கொலாசோவும் மன்வீர் சிங்கும் இருந்தனர். நடுவில் ராய் கிருஷ்ணாவும், பின்னர் திமித்ரி பெட்ராடோஸ், ஜேசன் கம்மிங்ஸ் போன்றோரும் ஆடினர். கியான் பெரும்பாலும் மாற்று வீரராகவே இறங்கினார். வெளிநாட்டு முன்கள வீரராக வந்து பெயர் பெற்றவரின் மகன், இந்திய வீரர் என்பதாலேயே அந்த இடத்திற்குக் காத்திருக்க நேர்ந்தது.

அணி 2022–23 இல் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையையும், 2023 இல் டூரண்டு கோப்பையையும், 2023–24 இல் லீக் கேடயத்தையும் வென்றது.

சென்னை

கூடுதல் ஆட்ட நேரத்தை நாடிய கியான், 2024 இல் சென்னையின் கழகத்திற்கு மாறினார். ஓவன் காயில் பயிற்றுவித்த அவ்வணியில் 2024–25 பருவத்தில் ஆடினார். அவ்வாண்டு செப்டம்பரில் ஐதராபாத்தில் நடந்த இன்டர்கான்டினென்டல் கோப்பைக்கான இந்திய அணிக்கும் அழைக்கப்பட்டார்.

அதே இந்திய அணியில் சென்னையைச் சேர்ந்த பக்கவாட்டு வீரர் நந்தகுமார் சேகரும் இருந்தார். அவர் ஈஸ்ட் பெங்கால் வீரர். 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்டு கோப்பையில் மோகன் பகானை 1–0 என வீழ்த்திய கோலை அடித்தவர். நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக மோகன் பகானை வெல்ல முடியாதிருந்த ஈஸ்ட் பெங்காலுக்கு அது முதல் வெற்றி.