பசுவின் விலையும் இரண்டு ஆண்டுகளும்

அட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பெருந்தெரு கொட்டகலையின் ஊடே போகின்றது. தோட்டத் தொழிலாளி ஒருவரின் கறவைப் பசு அத்தெருவிலே லொறியில் அடிபட்டு இறந்ததென்று வைத்துக்கொள்வோம். சாரதி நீதவான் முன்னிலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டுகின்றார். தம் வழக்கு முடிந்ததென்று பசுவின் சொந்தக்காரர் லயத்துக்குத் திரும்புகின்றார். உண்மையில் அவருடைய வழக்கு இன்னும் தொடங்கவேயில்லை. தண்டப்பணம் அரசாங்கத்தைச் சேரும். பசுவின் விலையும், நின்றுபோன பால் வருமானமும் முழுமையாக வேண்டுமாயின் அவரே வழக்காளியாகிக் குடியியல் நீதிமன்றத்தை நாடுதல் வேண்டும்.

இவ்வுரிமை மிகப் பழையது. ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியில் எழுந்த அக்குவிலியன் சட்டத்தின் முதற்பிரிவே, பிறருடைய அடிமையையோ கால்நடையையோ அநியாயமாகக் கொன்றவன் முந்திய ஓராண்டில் அதற்கிருந்த மிகவுயர்ந்த விலையைக் கொடுக்கவேண்டுமென விதித்தது. மனிதனையும் மாட்டையும் ஒரே வரியில் எண்ணிய காலம் அது! ஒல்லாந்தர் கொணர்ந்த உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியே அதன் கொள்கை இலங்கைக்கு வந்து நிலைத்தது.

இழப்பு நேர்ந்ததென்பது மட்டும் போதாது. எதிராளியின் கவனக்குறைவையும், அதனாலேயே இழப்பு விளைந்ததென்பதையும் வழக்காளி நிரூபிக்கவேண்டும். பின்னது கடினமானது. குழந்தையொன்றின் மரணம் பற்றிய ‘சொய்சா எதிர் ஆர்செகுலரட்ன’ வழக்கில், மாவட்ட நீதிமன்றம் தந்தைக்கு 50 இலட்சம் ரூபா தீர்த்தது. கவனக்குறைவே மரணத்தை விளைவித்ததென்பது நிரூபிக்கப்படவில்லையென்று 2001இல் உயர் நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. பசுவுக்கு விலை கண்ட சட்டம், பிள்ளையை இழந்த பெற்றோரின் துயரத்துக்கு அந்நாளில் ஈடு காணவுமில்லை. அக்குறையைத் தீர்க்க 2019இல் தனிச்சட்டம் வேண்டியிருந்தது.

பசுவைக் கயிறின்றித் தெருவில் விட்டிருந்தால்? 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்கு அழியாது. சொந்தக்காரரின் தவற்றுக்கேற்ப நட்டஈடு குறையும்.

வழக்கை அழிப்பது காலதாமதமே. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், இத்தகைய வழக்குக்கு இரண்டே ஆண்டுகள் தருகின்றது. பொலிஸ் வழக்கு முடியட்டுமென்று காத்திருப்பவருக்காக அக்கணக்கு நிற்பதில்லை. சிறு தொகைப் பிணக்காயின், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதலில் மத்தியஸ்த சபைக்குச் செல்லவும் வேண்டும். ஆகவே லொறியின் இலக்கம், முறைப்பாட்டின் பிரதி, மிருக வைத்தியரின் அறிக்கை, பால் விற்ற கணக்கு ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு, பசு இறந்த மாதத்திலேயே சட்டத்தரணியிடம் போவது நன்று.