கல் பாவிய ஏற்றங்களின் பந்தயம்

மிதிவண்டிப் பந்தயங்களின் வரலாறு – 6

பெல்ஜியத்தின் வடபாதியான ஃபிளாண்டர்ஸில் ஆண்டுதோறும் வசந்தகாலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடைபெறும் ‘ரோண்டே வான் ஃபிளாண்டரன்’ எனும் ஃபிளாண்டர்ஸ் சுற்றுப் பந்தயம், ஒரே நாளில் தொடங்கி முடியும் தொழில்முறைப் பந்தயங்களுள் தலையாயவை எனக் கருதப்படும் ஐந்தில் ஒன்றாகும். மிலான்–சான் ரெமோ, பாரிஸ்–ரூபே, லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ், லொம்பார்தியா ஆகிய மற்ற நான்கையும் இதனோடு சேர்த்து ‘மானுமென்ட்’ என்று பந்தய உலகம் அழைக்கிறது. இவ்வைந்தினுள் வயதில் இளையது 1913இல் பிறந்த ஃபிளாண்டர்ஸ் பந்தயமே என்றாலும், ஒரு மக்கள்கூட்டத்தின் தன்னுணர்வோடு இதைப் போல் பின்னிக்கிடக்கும் பந்தயம் வேறொன்று இல்லை.

பிரான்சின் பெரும் பந்தயத்தைப் போலவே இதுவும் ஒரு செய்தித்தாளின் விற்பனைக்காகத் தோன்றியது. 1908இல் சிரில் வான் ஹவார்ட் என்ற ஃபிளெமிஷ் வீரர் பாரிஸ்–ரூபே பந்தயத்தை வென்றதும், 1912இல் ஓடில் தெஃப்ரேய் பிரான்சுச் சுற்றை வென்ற முதல் பெல்ஜியர் ஆனதும் நாட்டில் மிதிவண்டி ஆர்வத்தைப் பெருக்கின. ஆனால் அந்த வெற்றிகளை ஃபிளெமிஷ் மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே விவரிக்கத் தக்க விளையாட்டு இதழ் இல்லை. அந்த இடத்தை நிரப்ப 1912இல் தொடங்கப்பட்ட ‘ஸ்போர்ட்வெரெல்ட்’ இதழில் எழுத வந்தவர்தான், பின்னாளில் பந்தயத்தின் தந்தை எனப் போற்றப்பட்ட காரெல் வான் வெய்னண்டாலே. ஸ்டேயார்ட் என்ற குடும்பப் பெயரைக் கொண்ட இவர், வறிய குடும்பம் ஒன்றில் பிறந்து, பள்ளிப்படிப்பைப் பதினான்கு வயதளவில் விட்டு, சிறிது காலம் தாமே பந்தயங்களில் ஓட்டிப் பார்த்து, அதில் பெரிதாகத் தேறாமல் எழுத்துக்கு வந்தவர். தம் ஊர்ப்பக்கத்துக் கோட்டை ஒன்றின் பெயரைப் புனைபெயராகச் சூடிக்கொண்டார்.

அவர் யாருக்காக எழுதினார் என்பதை அறியாமல் பந்தயத்தின் தன்மையை விளங்கிக்கொள்ள இயலாது. 1830இல் பிறந்த பெல்ஜிய அரசில் ஆட்சி, நீதி, உயர்கல்வி ஆகிய அனைத்தும் பிரெஞ்சு மொழியிலேயே நடந்தன; டச்சு மொழியின் வட்டார வழக்குகளைப் பேசிய ஃபிளெமிஷ் மக்கள் எண்ணிக்கையில் மிகுந்திருந்தும் தங்கள் நாட்டிலேயே இரண்டாம் தரத்தினராக இருந்தனர். கெண்ட் பல்கலைக்கழகம் முழுமையாக டச்சு மொழிக்கு மாறியது 1930இல்தான். உருளைக்கிழங்கு நோயாலும் கைத்தறி நெசவின் வீழ்ச்சியாலும் 19ஆம் நூற்றாண்டில் நலிந்துபோன ஊர்ப்புறங்களிலிருந்து, பீட்ரூட் அறுவடைக்கும் செங்கல் சூளைக்கும் ஆண்டுதோறும் பிரான்சுக்குக் கூலிகளாகச் சென்று திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகளே பந்தய வண்டியில் ஏறினர். மழையையும் காற்றையும் சேற்றையும் பொருட்படுத்தாத அத்தகைய உழைப்பாளி வீரனை ‘ஃபிளாண்ட்ரியன்’ என்ற சொல்லால் வான் வெய்னண்டாலே கொண்டாடினார். அவருடைய உரைநடை மிகையும் உருக்கமும் நிரம்பியது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் தம்மைப் பற்றி அச்சில் பெருமையாக எதையும் வாசித்திராத வாசகர்களுக்கு அந்த மிகையே தேவைப்பட்டது.

1913 மே 25 அன்று கெண்ட் நகரிலிருந்து 37 பேர் புறப்பட்ட முதற்பந்தயம், 320 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவைக் கடந்து, அருகிலிருந்த மரியாகெர்க்கேயின் மரப்பலகை ஓடுதளத்தில் முடிந்தது; பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் மிதித்த பின்னர் ஒரு சிறு குழுவின் இறுதி விரைவோட்டத்தில் பால் டேமன் வென்றார். மறு ஆண்டு, பிரெஞ்சு நிறுவனங்களின் அணிகள் தம்மிடமிருந்த பெல்ஜிய வீரர்களை இதில் கலந்துகொள்ள வேண்டாம் என்று தடுத்தபோதும், மார்செல் பைஸ் அதைப் பொருட்படுத்தாமல் வந்து வென்றார். பிறகு போர் வந்தது. 1915 முதல் 1918 வரை பந்தயம் இல்லை. 1919இல் மீண்டும் நடந்தபோது ஹென்றி வான் லெர்பெர்கே என்பவர் 14 நிமிட இடைவெளியில் வென்றார். அவர் வண்டியே இல்லாமல் வந்து கடன் வண்டியில் ஓட்டினார் என்றும், முடிவுக்கோட்டுக்கு முன் ஒரு மதுக்கடையில் புகுந்து நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தவரை வெளியே இழுத்துவர வேண்டியிருந்தது என்றும் கதைகள் உண்டு. இவற்றில் பாதியாவது வான் வெய்னண்டாலேயின் இதழ் வளர்த்தெடுத்த புனைவாக இருக்கக்கூடும். அவ்வாறு வளர்த்ததே அந்த இதழின் பணி எனலாம்.

இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பந்தயம் உள்ளூர்த் திருவிழாவாகவே நின்றது. மிலான்–சான் ரெமோவும் இதுவும் ஒரே நாளில் மோதிக்கொண்டதால் இத்தாலிய, பிரெஞ்சு வீரர்கள் வரவில்லை. 1923இல் வென்ற சுவிட்சர்லாந்தின் ஹெய்ரி சுட்டரைத் தவிர, 1949இல் இத்தாலியின் ஃபியோரென்சோ மாக்னி வெல்லும் வரை வெற்றியாளர் பட்டியலில் பெல்ஜியர் அல்லாதார் பெயரே கிடையாது. மாக்னி அதன்பின் 1950, 1951 ஆகிய ஆண்டுகளிலும் வென்று, மூன்று முறை தொடர்ந்து வென்ற ஒரே வீரராக இன்றளவும் இருக்கிறார்.

வரலாற்றாசிரியர் நின்று நோக்க வேண்டிய பகுதி இரண்டாம் உலகப்போர்க் காலமாகும். ஜெர்மானியப் படையின் ஆட்சிக்குட்பட்ட நிலத்தில், போரின் எந்த ஆண்டிலும் தடைபடாமல் நடந்த பெரும் பந்தயம் இது ஒன்றே. தொலைவு குறைக்கப்பட்டாலும், அகில் பைஸ் 1940, 1941, 1943 ஆகிய ஆண்டுகளில் வென்று மும்முறை வென்ற முதல் வீரரானதும், 1944இல் பத்தொன்பது வயது ரிக் வான் ஸ்டேன்பெர்கன் வென்றதும் இக்காலத்தில்தான். ஆக்கிரமிப்பாளர்கள் பந்தயத்தை அனுமதித்ததோடு வழிக்காவலுக்கும் உதவினர். ஃபிளெமிஷ் தேசிய உணர்வில் ஒரு பிரிவு ஜெர்மானியரோடு கைகோத்திருந்த சூழலில், தடையின்றி நடந்த இந்த விழா விடுதலைக்குப் பின் கேள்விக்குள்ளானது வியப்பன்று. வான் வெய்னண்டாலேவுக்கு இதழியல் பணியில் ஈடுபட வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. வீழ்த்தப்பட்ட பிரிட்டிஷ் விமானிகளுக்கு அவர் தம் வீட்டில் அடைக்கலம் தந்தார் என்று தளபதி மான்ட்கோமரியிடமிருந்து கடிதம் வந்த பின்னரே அத்தடை நீங்கியது. போட்டி இதழான ‘ஹெட் ஃபோல்க்’ 1945இல் தனக்கென ஒரு பந்தயத்தைத் தொடங்கியதற்கு வணிகப் போட்டியோடு இந்தக் கறையும் ஒரு காரணம்.

போருக்குப் பிந்தைய வளம் பந்தயத்துக்கு வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் வழியின் கடுமைக்கு எவரும் திட்டமிட வேண்டியிருக்கவில்லை. நாட்டுச் சாலைகள் எல்லாமே ‘கஸை’ எனப்படும் கருங்கல் துண்டுகளை நெருக்கிப் பதித்த கல்சாலைகளாகவே இருந்தன. (அக்கற்களில் பலவும் பிரெஞ்சு பேசும் தென்பாதியின் கெனாஸ்ட், லெசீன் சுரங்கங்களில் வெட்டப்பட்டவை என்பதை ஃபிளெமிஷ் பெருமை பேசுவோர் அவ்வளவாக நினைவூட்டுவதில்லை.) 1950களிலும் 1960களிலும் அரசு அச்சாலைகளுக்குத் தார் பூசியபோது, முதன்மைச் சாலைகளில் பந்தயம் தன் கடுமையை இழக்கத் தொடங்கியது. அதுவரை சாலையின் போக்கில் சென்ற பந்தயம், அதன்பின் கெட்ட சாலையைத் தேடிச் செல்லத் தொடங்கியது. அமைப்பாளர்கள் ஊடெனார்டே நகரைச் சுற்றிய ‘ஃபிளெமிஷ் ஆர்டென்’ எனும் குன்றுப்பகுதியின் வயல்வழிகளுக்குள் நுழைந்தனர். குன்று என்றாலும் கடல்மட்டத்திலிருந்து 150 மீட்டருக்கு உட்பட்ட மேடுகளே அவை. ஆனால் ஒவ்வொன்றும் குறுகலானது, கல் பாவியது, சட்டென்று செங்குத்தாக எழுவது.

அவ்வாறு 1976இல் சேர்க்கப்பட்ட கொப்பன்பெர்க் என்ற ஏற்றம் 600 மீட்டர் நீளமே உடையது. ஆயினும் அதன் சரிவு ஓரிடத்தில் 22 விழுக்காட்டைத் தொடுகிறது, அதாவது நூறு மீட்டர் முன்னே செல்வதற்குள் 22 மீட்டர் மேலே ஏறியாக வேண்டும். ஒருவர் தடுமாறிக் காலூன்றினால் பின்வருவோர் அனைவரும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும் காட்சி, உலகின் தலைசிறந்த வீரர்களுக்கும் வழக்கமாயிற்று. 1987இல் தனியாக முன்னிலையில் சென்ற டென்மார்க்கின் யெஸ்பர் ஸ்கிபி அங்கு விழுந்தபோது, நடுவரின் கார் நிற்காமல் அவருடைய வண்டியின் மீதே ஏறிச் சென்றது. அதன்பின் 2002 வரை கொப்பன்பெர்க் விலக்கி வைக்கப்பட்டது. 1986இல் சேர்ந்த பாட்டர்பெர்க்கின் பின்னணி இன்னும் சுவையானது: தன் நிலத்தையொட்டிப் பந்தயம் செல்ல வேண்டும் என்று விரும்பிய விவசாயி ஒருவரின் முயற்சியால் அந்த மண்வழி கல் பாவிய ஏற்றமானது. தொன்மையின் எச்சமாகத் தொலைக்காட்சி காட்டும் அந்தக் கல்சாலை, உண்மையில் அதன் மீது ஏறும் பல வீரர்களின் தந்தையரைவிட இளையது.

1973 முதல் 2011 வரை பந்தயம் நினோவே அருகில் முடிந்தது. ஆகவே முடிவுக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் முன்னதாக, கெரார்ட்ஸ்பெர்கன் ஊரின் நடுவிலிருந்து உச்சியிலுள்ள சிற்றாலயம் வரை ஏறும் ‘மூர்’, அதாவது சுவர், வெற்றியைத் தீர்மானிக்கும் இடமாயிற்று. 2010இல் ஃபாபியன் கான்செல்லாரா டாம் பூனனை அங்கேதான் உட்கார்ந்த நிலையிலேயே விட்டுப் பிரிந்து சென்றார். 2012இல் பந்தயத்தை நடத்திய நிறுவனம் முடிவிடத்தை ஊடெனார்டேவுக்கு மாற்றி, மூரை நீக்கி, ஔடே க்வாரெமோன்ட், பாட்டர்பெர்க் ஆகிய இரு ஏற்றங்களையும் வீரர்கள் திரும்பத் திரும்பக் கடக்கும் சுற்றுப்பாதையை அமைத்தது. ஒரே இடத்தில் கூடாரம் அமைத்து, கட்டணம் செலுத்திய விருந்தினர் பந்தயத்தைப் பலமுறை காண வழிசெய்வதே இதன் நோக்கம் என்பது வெளிப்படை. மூருக்கு ஊர்மக்கள் போலிச் சவ ஊர்வலமே நடத்தினர். பணத்துக்காக மரபைக் கொன்றார்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. ஆனால் செய்தித்தாள் விற்கவே பிறந்த பந்தயத்தில் வணிகத்தைப் பிற்காலத்துத் தொற்று எனக் கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

2017இல் மூர் மீண்டும் சேர்க்கப்பட்டபோது, முடிவுக்கு ஏறத்தாழ 95 கிலோமீட்டர் முன்னதாகவே அது கடக்கப்பட்டது. அங்கு ஏற்பட்ட பிளவிலிருந்து முன்னேறி, பிறகு 55 கிலோமீட்டர் தனியே ஓட்டி வென்றவர் ஃபிலிப் ஜில்பேர். ஃபிளெமிஷ் பெருமையின் உச்சமான இப்பந்தயத்தை 1987இல் வென்ற குளோட் கிரிகெலியோனைப் போலவே, அவரும் பிரெஞ்சு பேசும் தென்பாதியைச் சேர்ந்தவர். முடிவுக்கோட்டில் வண்டியிலிருந்து இறங்கி, அதைத் தலைக்கு மேல் தூக்கியபடி நடந்து கடந்த அவரை ஊடெனார்டேவின் கூட்டம் ஆரவாரத்துடன் வரவேற்றது.

(தொடரும்)