வானத்து வேட்டைக்காரன்

விண்மீன்களைக் காணத் தொலைநோக்கி வேண்டுமென்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். தொடக்கத்தில் அது வேண்டுவதில்லை. மார்கழியில் மழை ஓய்ந்த ஓர் இரவு, ஒன்பது மணியளவில், விளக்கொளி படாத இடத்தில் கால் மணி நேரம் நின்று கண்ணை இருளுக்குப் பழக்குங்கள். பின்னர்க் கிழக்கே நோக்கினால் மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் தோன்றும். அவை வேட்டைக்காரனின் இடைக்கச்சை. இடப்புறம் செந்நிறமாய் ஒளிர்வதே நம் முன்னோர் கூறிய திருவாதிரை. வலப்புறம் நீலவெண்மையான ரைகல். சிவந்ததே மிகுந்த வெப்பமுடையது என நினைப்போம்; உண்மையில் நீலமே அதிக வெப்பமுடையது!

2019ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கிற்று. 2020 பிப்ரவரிக்குப்பின் மீண்டும் ஒளி பெற்றது. அது கக்கிய தூசு மறைத்ததே முதன்மைக் காரணம் என்பர் அறிஞர். அம்மாற்றம் வெறுங்கண்ணுக்கே புலப்பட்டது.

ஆவணியில் இக்கூட்டம் விடியுமுன் கிழக்கே நிற்கும். பெரட்டுக்குப் புறப்படும் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். பெயர் அறியாவிடினும் அம்மூன்றையும் அவர்கள் நெடுநாளாகக் கண்டிருப்பர்.