கோழி இறந்தது எதனால்?

புறக்கடைக் கோழி வாரக்கணக்கில் இளைத்து இறந்தால் வெள்ளைக் கழிச்சல் என்று எண்ணிப் புதைத்துவிடுவோர் பலர் உளர் எனினும், அந்நோய் பெரும்பாலும் சில நாட்களிலேயே உயிரைப் பறிப்பதாகையால், நெடுநாள் நோய்க்கு வேறு காரணம் தேடுவதே முறையாகும்.

கால்நடை மருத்துவர் செய்யும் பிரேதப் பரிசோதனையில் முதலில் கவனிக்கப்படுவது நெஞ்செலும்பு. இருபுறமும் சதை கரைந்து அது கத்திமுனைபோல் துருத்தியிருப்பது, நோய் நெடுநாள் நீடித்ததற்கு அடையாளம். தொடைத் தசைகளை விலக்கினால் தெரியும் தடித்த நரம்பு இயல்பாக வெண்மையாகவும் மெல்லிய குறுக்குக் கோடுகளுடனும் இருக்கும்; ஒரு கால் நரம்பு மட்டும் பருத்து, மஞ்சளித்து, கோடுகள் மறைந்திருந்தால், ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக் 1907இல் விவரித்த, ஹெர்பிஸ் வகை வைரஸால் வரும் மாரெக் நோயே என ஐயுறலாம். நரம்புகள் நலமாக இருந்து, ஈரல் மட்டும் கட்டிகளுடன் வீங்கியிருந்தால், நான்கு மாதத்துக்கு மேற்பட்ட கோழிகளைத் தாக்கும் லூக்கோசிஸ் என்னும் புற்றுநோயை நினைக்க வேண்டும். ஈரலோடு மண்ணீரலிலும் குடலிலும் மஞ்சள் நிற முடிச்சுகள் காணப்படுவது பறவைக் காசநோயின் அறிகுறி. அதன் கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிர்த்திருப்பதோடு, நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய மனிதரையும் தொற்றக்கூடும். வயிற்றறையில் முட்டைக்கரு சிந்தி அழற்சி உண்டாவதால் இறக்கும் முட்டைக்கோழிகளும் உண்டு.

கண்ணால் கண்டதை உறுதிசெய்யத் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய வேண்டியிருப்பதால், உறைநிலைப் பெட்டியில் வைத்தால் செல்கள் சிதைந்துவிடும் என்பதை உணர்ந்து, இறந்த கோழியை உறையில் கட்டி, பனிக்கட்டிகளின் நடுவே வைத்து, ஒரு நாளுக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும்.