மெட்ராஸையே கலங்கடிச்ச அர்பத்நாட்: 1906-ல நடந்தது, இன்னைக்கும் நடக்குது



மணியாச்சி ஜங்ஷன்னு சொன்னாலே 1911 ஜூன் 17-ம் தேதியும், வாஞ்சிநாதனும், கலெக்டர் ஆஷும்தான் ஞாபகத்துக்கு வரும். அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, மெட்ராஸ்ல துப்பாக்கியே இல்லாம ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சாஞ்சுபோச்சு. அந்தக் கதை இன்னைக்குப் பலருக்குத் தெரியாது.

யார் இந்த அர்பத்நாட்?

பாரி, பின்னி, அர்பத்நாட். அன்றைய மெட்ராஸில் பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகள் இவை மூன்றும்தான். அர்பத்நாட் வியாபாரமும் செய்தது, பொதுமக்களிடம் டெபாசிட்டும் வாங்கியது. தலைவர் ஜார்ஜ் அர்பத்நாட், 'சர்' பட்டம் வாங்கியவர். "இவ்வளவு பெரிய மனுஷன் ஏமாத்துவாரா?" என்ற நம்பிக்கையில், பென்ஷன்காரர்களும் சம்பளக்காரர்களும் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

உள்ளே என்ன நடந்தது?

இவர்களோட லண்டன் கூட்டாளி பேட்ரிக் மக்ஃபேடியன். அங்கே ஊக வியாபாரத்துல பெரிய நஷ்டம். 1906 அக்டோபர் 20-ம் தேதி அவர் ரயில் முன்னால் விழுந்து உயிரை விட்டார். ரெண்டே நாள்ல, 22-ம் தேதி திங்கட்கிழமை, மெட்ராஸில் அர்பத்நாட் கதவை மூடியது.

அதுக்கப்புறம்தான், கம்பெனி உள்ளுக்குள்ள எப்பவோ திவாலாகிவிட்டது என்ற விஷயம் வெளியே தெரிந்தது. மோசடி வழக்கில் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல். ஆனா அவர் ஜெயிலுக்குப் போனதால போட்ட பணம் வீட்டுக்கு வந்துடுமா? இதை நல்லா மனசுல வெச்சுக்கோங்க.

இது மெட்ராஸ் கதை மட்டுமல்ல

1792-ல் நியூயார்க்கில் வில்லியம் டூயர்னு ஒருத்தர். அமெரிக்க நிதித்துறையில் உயர்பதவியில் இருந்தவர். கடைக்காரர்கள், விதவைகள்னு எல்லாரிடமும் அதிக வட்டிக்குக் கடன் வாங்கிப் பங்கு, பத்திரத்தில் சூதாடினார். விலை சரிந்தது, ஊரே கவிழ்ந்தது. கடனாளிச் சிறையில்தான் அவர் காலம் முடிந்தது.

ஊர் வேற, வருஷம் வேற. ஆனா ரெண்டு இடத்துலயும் ஜனங்க கணக்கைப் பார்க்கல, ஆளைப் பார்த்தாங்க.

அடி வாங்கினபின் எழுந்தது

அந்த அடியிலிருந்துதான், வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்களின் முயற்சியில் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. ஆனா டெபாசிட் இன்சூரன்ஸ் வர 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போ நீங்க பார்க்க வேண்டியது

1. பணம் போடுற இடம் இன்சூரன்ஸ் உள்ள வங்கியா? அப்படியானால் ஒரு வங்கியில் ஒருத்தருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை பாதுகாப்பு. 8 லட்சம் இருந்தா ரெண்டு வங்கியில் பிரிச்சுப் போடுங்க. ஒரே வங்கியின் ரெண்டு கிளையில் போட்டால் அது ஒண்ணாத்தான் கணக்காகும்.

2. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம், ஃபைனான்ஸ் கம்பெனி, நகைக்கடைச் சீட்டு இதுக்கெல்லாம் இந்த இன்சூரன்ஸ் கிடையாது. போடக்கூடாதுன்னு சொல்லல, தெரிஞ்சு போடுங்க.

3. டெபாசிட் வாங்க அனுமதி இருக்கான்னு ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் பாருங்க. புகாரும் அங்கேயே கொடுக்கலாம்.

4. ஏமாந்துட்டா வெட்கப்பட்டு மூடி வைக்காதீங்க. நிதி நிறுவன மோசடிக்குத் தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்தாச்சு. அதில் மோசடிக்காரர் சொத்தை முடக்க வழி இருக்கு. பொருளாதாரக் குற்றப் பிரிவுக்கு எவ்வளவு சீக்கிரம் போறீங்களோ, அவ்வளவு நல்லது.

நம்ம கரிசக்காட்டுல பருத்தியும் உளுந்தும் வித்து வர்ற காசு, மழையை நம்பி வந்த காசு. அடுத்த மழை வருமான்னு யாருக்கும் தெரியாது. அதனால "நம்ம ஆளுதான், தெரிஞ்சவர்தான்"னு யாராவது சொன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நீங்க மூடிட்டா, எனக்கு யார் கொடுப்பாங்க?"

பதில் தெளிவா வரலன்னா, காசு உங்க மடியிலயே இருக்கட்டும். அடுத்த வீடியோவில் சந்திப்போம்!